ஸீக்கோ சோபிக்காத பயிற்றுநரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிரேசில் காற்பந்து வீரர் ஸீக்கோவைப் பற்றி வந்ததைப் படித்தேன். 1981இல் டோக்கியோவில் அவருடைய கிளப் ஃபிளமெங்கோ லிவர்பூலை 3-0 என்று கவிழ்த்தது, 1986 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்கு எதிராகப் பினால்டியைக் கோட்டைவிட்டது, எல்லாம் சரி. கடைசியில் போகிற போக்கில் பயிற்றுநராக அவர் சோபிக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் விட மனசு வரவில்லை.

1991இல், 38 வயதில், பிரேசிலில் விளையாட்டுத் துறைப் பொறுப்பையும் பார்த்து முடித்த பிறகு அவர் ஜப்பானுக்குப் போனார். போன இடம் டோக்கியோ இல்லை, காஷிமா. சுமிதோமோ இரும்பாலையை நம்பியிருந்த சின்ன ஊர். அணியும் ஆலையின் அணிதான், இரண்டாம் பிரிவில் கிடந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: கம்பெனி இருந்தால்தான் ஊர், கம்பெனி திடல் கொடுத்தால்தான் பந்து. ஜப்பானின் புதுத் தொழில்முறைப் போட்டியான ஜே லீக்கில் இந்த ஊருக்கெல்லாம் இடமே கிடைக்காது என்றிருந்த நிலையில் கூரை போட்ட அரங்கத்தைக் கட்டி உள்ளே நுழைந்தார்கள். 1993இல் முதல் ஆட்டத்திலேயே நகோயாவை 5-0 என்று அடித்தார்கள், அதில் மூன்று கோல் நாற்பது வயது ஸீக்கோவுடையது. பேருக்குத்தான் ஆட்டக்காரர், செய்ததில் பாதி பயிற்றுநர் வேலை. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய பையன்களுக்குத் தொழில்முறை ஆட்டக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அவர். அந்த அணி 2016 வரை எட்டு முறை லீக் பட்டம் வென்றது. 2018இல் அவர் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பிய வருஷமே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையும் தூக்கியது. அதற்காக அவரை மகானாக்கவும் வேண்டாம், எதிரணி பினால்டிக்கு வைத்த பந்தின் மேல் துப்பி வெளியேற்றப்பட்டவரும் இதே மனிதர்தான்.

ஜப்பான் தேசிய அணியின் பயிற்றுநராக 2004இல் சீனாவையே சீனாவில் வைத்து 3-1 என்று வென்று ஆசியக் கிண்ணம். 2006 உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவிடம் கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் மூன்று கோல் வாங்கியதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அப்புறம் துருக்கியில் ஃபெனெர்பாச்சே. அந்தக் கிளப்பின் நூற்றாண்டான 2007இல் லீக் பட்டம், அடுத்த வருஷம் ஸ்பெயினின் செவியாவைப் பினால்டியில் வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. அதற்கு முன் அவர்கள் அந்தப் போட்டியில் அவ்வளவு தூரம் போனதே இல்லை. அங்கேயும் செல்சியை இஸ்தான்புல்லில் 2-1 என்று வென்றுவிட்டு லண்டனில்தான் தோற்றார்கள். மாஸ்கோ, கிரீஸ் இரண்டிலும் நிலைக்கவில்லை என்பது உண்மை, மறைக்கவில்லை.

கோவாவை நீங்கள் சொல்லவே இல்லை. 2015 ஐஎஸ்எல் (இந்திய சூப்பர் லீக்) இறுதியாட்டத்தில் அவருடைய எஃப்சி கோவா 87ஆவது நிமிஷத்தில் 2-1 என்று முன்னிலைக்கு வந்தது, அதற்குள் கோல் காவலரே பந்தைத் தன் வலைக்குள் தட்டிவிட, எதிரணியின் மெண்டோசா தொண்ணூறு நிமிஷம் தாண்டிய காயநேரத்தில் இன்னொன்று போட, சென்னையின் எஃப்சி அணி 3-2 என்று கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது. நான் சென்னை அணியின் பக்கம்தான், கத்தித் தீர்த்தேன். ஆனாலும் அந்த ரெண்டு நிமிஷத்தை வைத்து ஒரு பயிற்றுநரை எடைபோடுவது அநியாயம். அடுத்த சீசனில் கடைசி இடம் பிடித்ததற்கு வேண்டுமானால் திட்டுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே செம்பனைக்கு நடுவே மிச்சமிருக்கிற ஒரு திடலில் சம்பளமே வாங்காமல் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு அண்ணனைத் தீபாவளிக் கிண்ணத்தில் முதல் சுற்றிலேயே தோற்றதற்காக மாற்றிவிட்டார்கள். அவரிடம் ஆடிப் பழகிய பிள்ளைகள் இன்று மாவட்ட அணியில் இருக்கிறார்கள், அதைப் பேச ஆளில்லை. 2010இல் மலேசியாவுக்குத் தென்கிழக்காசிய நாடுகளின் ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலை மட்டும் வருஷா வருஷம் நினைத்துப் பெருமைப்படுகிறோம், அவரைப்போல் இன்னொருவர் எங்கிருந்து வருவார்?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி நிலைப் பயிற்றுநர் உரிமத்துக்கு இங்கே வகுப்பு நடத்தும்போது கட்டணம், தகுதி, விண்ணப்ப நாள் எல்லாவற்றையும் தமிழில் போடுங்கள். அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேருவதற்குள் இடம் நிரம்பிவிடுகிறது.

தோட்டத்துக் காற்பந்து ரசிகன்,
சுங்கை சிப்புட், பேராக்