ஊசியில் கண், பாட்டில் காது

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். ஸ்காபரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது, வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. பழைய கம்பளிச் சுவெற்றர்களை வேண்டுமென்றே சுருங்க வைத்து, வெட்டித் தைக்கிறேன். விசர் என்பாய். கேள். ஆட்டு ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பட்டால் அவை விரியும். தோய்க்கிற மெஷினில் அடிபட அடிபட ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், பிறகு பிரிக்க ஏலாது. பின்னலே தெரியாமல் தடித்த துணியாகிவிடும். கத்தரியால் எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

எல்லாச் சுவெற்றரும் சரிவராது. அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் என்றால் எவ்வளவு அவித்தாலும் அப்படியே கிடக்கும். ‘சூப்பர்வாஷ்’ கம்பளியும் வேண்டாம். மெஷினில் தோய்க்க வசதியாக அந்தச் செதில்களை முதலே மழுக்கிவிடுகிறார்கள். லேபல் இல்லாவிட்டால் ஒரு நூலை எரித்துப் பார்ப்பேன். தலைமயிர் கருகும் மணம் வந்தால் கம்பளி, உருகிக் கட்டியானால் அக்ரிலிக் மாதிரி ஏதோ ஒன்று. தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித்தான் மெஷினில் போட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு போய்க் குழாயை அடைத்துவிடும்.

தைக்கும்போது பக்கத்தில் சூப்பர் சிங்கர் ஓடும். 2006-இல் விஜய் ரி.வி.யில் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. 2015-இல் கனடாவிலிருந்து போன ஜெசிக்கா ஜூனியரில் இரண்டாவதாக வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. இப்போது நான் பார்ப்பதில்லை, கேட்கிறேன். கண் ஊசியில் இருப்பதால் மேடை வெளிச்சம், அம்மாவின் கண்ணீர், நடுவர் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டுவது ஒன்றும் குறுக்கே வராது. போன கிழமை ஒரு பெடியனுக்கு ஆகா ஓகோ என்று பாராட்டு. எனக்குக் கேட்டது மேல் சட்ஜத்தில், அதுதான் மேல் ‘ஸ’வில், சுருதி இறங்கி நின்றதுதான். பிறகு ஒரு பிள்ளை வந்தாள். அவளை இரண்டு வசனத்தோடு அனுப்பிவிட்டார்கள். சரணத்தில் மூச்சு விடாமல் அவள் வரியை வளைத்துப் பிடித்த சங்கதிக்கு நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பாட்டு மூன்று நிமிடம், சோகக் கதை அரை மணித்தியாலம் என்றால் அது என்ன பாட்டுப் போட்டி?

இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவிருக்கிறதா? எழுத்தைச் சொன்னதும் பாட்டு வர வேண்டும். அழ எங்கே நேரம்? பிறகு சன் ரி.வி.க்குப் போனபோதும் பாட்டுத்தான் முன்னுக்கு நின்றது. உங்கள் வீட்டு விறாந்தையில் நாங்களே விளையாடும்போது, ‘ஞா’வுக்கு ஒன்றும் வராமல் உன் அண்ணா ‘ஞானத்தால் தொழுவார்’ என்று தேவாரத்தை எடுத்துவிட்டார். சினிமாப் பாட்டில்லை என்று நீ பிடித்த சண்டை ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

யாழ்ப்பாண வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பாய். தாச்சி இறக்குகிற துணி தைத்துத் தருகிறேன். தடிப்பாக இருப்பதால் கை சுடாது, இலேசில் நெருப்பும் பிடிக்காது. தைப்பொங்கலுக்குத் தம்பி வரும்போது கொடுத்துவிடுகிறேன். சிவப்பா, சாம்பலா? கெதியாக எழுது. சிவப்பில் ஒன்றுதான் மிச்சம், மகள் அதில் கண் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாலா