போலி கேசட்டும் புது கேசட்டும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் பழைய வீடியோ கேம் கன்சோல்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கருவிகளைச் சிலர் இன்றும் பழுது பார்த்துப் பாதுகாத்து வருவதைக் கட்டுரையாளர் பரிவோடு எழுதியிருந்தார். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால், அந்தக் கன்சோல்களுக்கு இப்போது புதிதாக வரும் கேசட்டுகள் அனைத்தையும் ‘போலி கேசட்’ என்ற ஒரே சொல்லில் அவர் அடக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறர் உருவாக்கிய விளையாட்டை அனுமதியின்றி நகலெடுத்து, மேலட்டைப் படத்தையும் அப்படியே அச்சிட்டு விற்பது போலி. ஒரு விளையாட்டை முதல் வரியிலிருந்து தானே எழுதி, அதைத் தாங்கும் சர்க்யூட் போர்டையும் தானே வரைந்து, சாலிடர் வைத்து, பழைய கருவியில் செருகி ஓட்டிப் பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. இத்துறையில் இருப்பவர்கள் அதை ‘ஹோம்பிரூ’ என்பார்கள். சில ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் அந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் எழுதுவது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் 8 பிட் கன்சோலுக்கு. 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரிலும், 1985-ல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்த கருவி அது. அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது; துடிப்பு என்பது அது வேலை செய்யும் தாளத்தின் ஒரு சிறு அடி. செயலிக்கென்று உள்ள ரேம் 2 கிலோபைட் மட்டுமே; இக்கடிதத்தின் முதல் பத்தியைக் கணினியில் யூனிகோடில் சேமித்தால், அந்த ஒரு பத்தியே அதற்குள் அடங்காது. பெருக்கல் கட்டளை என்ற ஒன்று அச்செயலிக்கு இல்லை. ஆறை ஏழால் பெருக்க வேண்டுமென்றாலும், கூட்டியும் பிட்டுகளை இடம் நகர்த்தியும் நாமேதான் விடையைக் கொண்டுவர வேண்டும்.

நகலெடுப்பவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. எழுதுபவருக்கோ முதல் நாளே தெரிந்தாக வேண்டியவை இவைதான். திரையை எப்படி வரைகிறோம் என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இரண்டு வேலைகளுக்கும் உள்ள தொலைவு அதிலேயே விளங்கும். இக்கன்சோலின் பின்னணிப் படம் 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் கொண்ட சிறு கட்டங்களால், அதாவது டைல்களால், ஆனது. குறுக்கே 32, நெடுக்கே 30 என ஒரு திரைக்கு 960 டைல்கள். திரையில் படம் வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போது படத்திற்கான நினைவகத்தில் கை வைத்தால் படம் கலைந்துவிடும். ஆகவே, ஒரு சட்டகத்தை, அதாவது திரையின் ஒரு முழுப் படத்தை, வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளியில்தான் எதையும் மாற்ற முடியும். நொடிக்கு 60 சட்டகம் காட்டும் வகைக் கருவியில் அந்த இடைவெளி செயலியின் கணக்கில் சுமார் 2,270 துடிப்புகள். நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகளின் பட்டியலை அனுப்புவதற்கே அதில் 513 துடிப்புகள் போய்விடும். மிச்சமிருப்பதில், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் ஒன்றைச் சாதாரணமாக அமைத்து எழுதினால், நூற்றுச் சொச்சம் பைட்டுகளைத்தான் மாற்றலாம். முழுத் திரையையும் ஒரே மூச்சில் மாற்றுவது நடக்காத காரியம். அதனால்தான் நாயகன் ஓட ஓடப் பின்னணி நகரும் விளையாட்டுகளில், திரையின் விளிம்புக்கு அப்பால் இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு நேரத்தில் 30 டைல் கொண்ட ஒரே ஒரு நெடுவரிசையை எழுதி, அது பார்வைக்கு வருவதற்குள் அடுத்த வரிசைக்குத் தயாராகிறோம். மேடையின் பின்புறம் திரைச்சீலையை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆளின் வேலைதான் இது. பார்வையாளர் கண்ணில் அவர் படவே கூடாது.

ஸ்பிரைட்டுகளுக்கும் இப்படியொரு கட்டுப்பாடு உண்டு. மொத்தம் 64 ஸ்பிரைட்டுகள். ஆனால் ஒரே கிடைமட்டக் கோட்டில் எட்டுக்கு மேல் தெரியாது. ஒன்பதாவது மறைந்துபோகும். பழைய விளையாட்டுகளில் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்ததைப் பலர் கருவியின் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். உண்மையில், எந்த ஒன்றும் நிரந்தரமாக மறையாதிருக்க, சட்டகத்துக்குச் சட்டகம் வரிசையை மாற்றி அனுப்பி, இருக்கும் எட்டு இடத்தை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் உபாயம் அது. நானும் என் விளையாட்டில் அதையே செய்திருக்கிறேன். புகழ்பெற்ற பழைய விளையாட்டு ஒன்றில் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே வடிவந்தான், நிறம் மட்டுமே வேறு என்பது தெரியவந்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் விளையாட்டிற்கு இடம் போதாமல் தவித்த நாளில் அந்தச் சிரிப்பு போய் மரியாதை வந்தது.

அடுத்து, என் சொந்த அனுபவம் ஒன்று. விளையாட்டைக் கணினியில் கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் மாதக்கணக்கில் சோதித்து, பிழையேதும் இல்லையென்று நம்பி, சிப்பில் ஏற்றி உண்மையான கன்சோலில் செருகினேன். தலைப்புப் பக்கம் வந்தது, இசை வந்தது. விளையாட்டு தொடங்கியதும், கன்ட்ரோலரை நான் தொடாமலேயே, என் நாயகன் விட்டு விட்டு வலப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். கன்ட்ரோலரை மாற்றினேன், வயரை மாற்றினேன், கேசட்டின் தகட்டு முனைகளைத் துடைத்தேன். அவன் நடந்துகொண்டேதான் இருந்தான். கடைசியில், இசையில் டிரம் அடிக்கும்போதெல்லாம்தான் அவன் நடக்கிறான் என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. காரணம் கருவிக்குள்ளேயே இருந்தது. டிரம் போன்ற பதிவு செய்த ஒலியை ஒலிப்பகுதி நினைவகத்திலிருந்து எடுக்கும் கணமும், செயலி கன்ட்ரோலரின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் கணமும் மோதினால், நடுவில் ஒரு பிட் தவறிவிடும். அதற்குப் பின்னுள்ளவை ஓரிடம் முன்னே நகர, எட்டாவது இடத்தில் இருக்கும் வலப்பக்கப் பட்டன் அழுத்தப்பட்டதாகச் செயலி எடுத்துக்கொள்ளும். நான் பயன்படுத்திய பழைய எமுலேட்டரில் இந்த நடத்தை சேர்க்கப்படவில்லை. கன்ட்ரோலரை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை மீண்டும் படிப்பதுதான் மருந்து. அந்தக் காலத்து நிரலாளர்களும் அதைத்தான் செய்தார்கள். என் திருத்தம் சில வரிகளுக்கு மேல் இல்லை.

மென்பொருளோடு வேலை முடிவதில்லை. என்.இ.எஸ். கேசட்டின் முனையில் 72 தொடுபுள்ளிகள் உண்டு. அதன் போர்டு 1.2 மில்லிமீட்டர் தடிமன். இப்போது போர்டு செய்து தருபவர்களிடம் தடிமனைக் குறிப்பிடாமல் கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது 1.6 மில்லிமீட்டர். முதல் முறை நான் குறிப்பிட மறந்தேன். வந்ததைச் சற்று அழுத்தியே செருகினேன். புது போர்டு ஓடியது. அதை எடுத்துவிட்டுப் பழைய அசல் கேசட்டைப் போட்டபோதுதான், கனெக்டரின் ஊசிகள் அகன்று, அசல் கேசட் பிடிப்பின்றி நிற்பது தெரிந்தது. பிழை முழுக்க என்னுடையது. கனெக்டரை மாற்ற வேண்டியதாயிற்று.

அனுமதி பெறாத கேசட்டுகள் ஓடாமல் தடுக்கும் பூட்டுச் சிப்பையும் சொல்ல வேண்டும். என்.இ.எஸ்.ஸின் உள்ளே ஒரு சிறு சிப்பும், ஒவ்வொரு கேசட்டின் உள்ளே அதன் இணையும் இருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு பிசகினால் கருவி நொடிக்கு ஒரு முறை தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும், முகப்பு விளக்கு கண் சிமிட்டும். தூசி படிந்த அசல் கேசட்டுக்கும் இதே கதிதான் என்பதால், அந்தக் கண் சிமிட்டல் ஒரு தலைமுறைக்கே பழக்கம். ஜப்பானிய ஃபேமிகாமில் இப்பூட்டே கிடையாது. ஆர்வலர்கள் பின்னாளில் அச்சிப்பைத் திறந்து நுண்ணோக்கியில் படமெடுத்து, அதன் நடத்தையைப் புரிந்துகொண்டு, எட்டுக் கால் கொண்ட மிகச் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் (நிரல் ஏற்றக்கூடிய குட்டிச் சிப்பில்) அதைத் திரும்ப எழுதிவிட்டார்கள். இன்று புதிய கேசட் செய்பவருக்கு அது போதும்.

இங்கேதான் ‘இதுவும் ஒரு திருட்டுத்தானே?’ என்ற கேள்வி எழும். கட்டுரையாளரின் சொல்லாட்சியிலும் அந்த ஐயம் தொனித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், இக்கேள்வி நீதிமன்றத்தில் அலசப்படாத ஒன்றல்ல. செகா என்ற கன்சோல் நிறுவனத்தின் கருவியில் ஓடும் விளையாட்டுகளைத் தயாரிப்பதற்காக அக்கோலேட் நிறுவனம் செகாவின் விளையாட்டு நிரல்களைப் பிரித்துப் படித்தது தொடர்பான வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-ல் தீர்ப்பளித்தது. கருவியோடு ஒத்தியங்குவதற்குத் தேவையானதை அறிய வேறு வழியில்லாதபோது, நியாயமான நோக்கத்துக்காக நிரலைப் பிரித்துப் பார்ப்பது பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் நியாயப் பயன்பாடே என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அட்டாரி கேம்ஸ் நிறுவனத்துக்கும் நின்டெண்டோவுக்கும் இடையிலான வழக்கு, நான் மேலே சொன்ன பூட்டுச் சிப்பைப் பற்றியது. பிரித்து ஆராய்வது தவறில்லை என்ற கருத்தை அங்கும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், அட்டாரி கேம்ஸ் தரப்பு பொய்க் காரணம் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து அச்சிப்பின் நிரலை வாங்கியிருந்ததால், அந்த வாதம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. நானே ஆராய்ந்து கண்டுபிடித்தால் ஒன்று, பிறர் எழுதியதைத் தந்திரமாகக் கைப்பற்றினால் வேறு. ‘போலி’ என்ற சொல் அழித்துவிடுவது இந்தக் கோட்டைத்தான்.

உரிமையாளரே கதவைத் திறந்துவிட்ட நிகழ்வும் உண்டு. அட்டாரி ஜாகுவார் கன்சோலின் உரிமையை அப்போது வைத்திருந்த ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ் நிறுவனம், 1999-ல் அதைத் திறந்த தளமாக அறிவித்து, எவரும் அனுமதி கேட்காமல் அதற்கு விளையாட்டு வெளியிடலாம் என்றது. (அக்கன்சோலின் மேலுறை அச்சுகள் பிற்பாடு பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேமரா ஒன்றின் உறையைச் செய்யப் போனது தனிக்கதை.)

எங்கள் தரப்பில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்காகவும் பூட்டுச் சிப்புக்காகவும் பழைய அசல் கேசட்டுகளைப் பிய்த்துப் போட்ட காலம் ஒன்று இருந்தது; புதிய உறையும் மாற்றுச் சிப்பும் கிடைக்கும் இந்நாளில் அதைத் தொடர்பவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. இன்றைய ஃபிளாஷ் நினைவகச் சிப்புகளில் பெரும்பாலானவை 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. பழைய கன்சோலோ 5 வோல்ட்டில் ஓடுவது. இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிப்புகளை வைக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிட்டு நேரடியாக இணைத்த போர்டும் ஓடும். ஆனால், அந்தச் சிப்பும் கன்சோலும் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும். மலிவான நகல் கேசட்டுகளில் இது அடிக்கடி காணும் குறை. ஹோம்பிரூ என்ற பெயரில் வருபவற்றிலும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். கட்டுரையாளர் வாசகர்களை எச்சரிக்க விரும்பினால், எச்சரிக்க வேண்டிய இடம் இது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த முறை இப்பொருளைத் தொடும்போது, நகலெடுத்த கேசட்டைப் போலி கேசட் என்றும், புதிதாக எழுதிய விளையாட்டைத் தாங்கி வருவதைப் புது கேசட் என்றோ வேறு எந்தப் பெயராலோ பிரித்தும் எழுதுமாறு வேண்டுகிறேன். கட்டுரையாளருக்கு விருப்பமிருந்தால், என் நிரலின் முழு அச்சுப் பிரதியையும், போர்டின் வரைபடத்தையும், கன்சோலையும் அவர் முன் வைத்து, எது எங்கே எழுதப்பட்டது என்று வரி வரியாகக் காட்டத் தயாராக இருக்கிறேன். டிரம் அடிக்கும்போதெல்லாம் வலப்பக்கம் நடந்த அந்தப் பழைய பதிப்பின் சிப்பையும் அழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். அதையும் செருகிக் காட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்