காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வாத்துக்காரப் பெரியவருக்கு

மாண்டஸ் புயலன்று நானும் பையனும் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்ட கதை இதற்குள் வாலாஜாவில் தெரியாத வீடு இல்லை. ஏன் போனாய், இந்த மழையில் என்ன குருவி வேண்டிக்கிடக்கு என்று கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள், அதனால் அதைத் திரும்ப எழுதவில்லை. பையன் நன்றாக இருக்கிறான். காய்ச்சல் இல்லை, இட்லி கேட்டுச் சாப்பிடுகிறான்.

ராத்திரியெல்லாம் ஆள் மாற்றி ஆள் போன் போட்டுக்கொண்டே இருந்த பறவை நண்பர்கள், வழியில் விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்கிய ஊர்ப் பையன்கள், டிராக்டரில் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு டீசலுக்குக்கூட காசு வாங்காத அண்ணன், விடிந்ததும் பால் பாக்கெட்டோடு வந்து நின்ற எதிர்வீட்டு அக்கா, எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரே வரியில் அடக்கிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மடல் முக்கியமாக அந்த வாத்துக்காரப் பெரியவருக்கு.

அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. கரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டி, வலைக்குள் மந்தையை அடைத்து வைத்திருந்தார். பையனுக்குப் பல் தந்தியடிக்கிறது, உதடு நீலம் பாரித்துவிட்டது, விரல் மடங்கவில்லை. போர்த்திக்கொள்ளத் தன் கோணிப்பையைக் கொடுத்தார். அப்புறம் வலைக்குள் கையை விட்டு ஒரு பெட்டை வாத்தைத் தூக்கிவந்து அவன் மடியில் வைத்து, "ரெக்கைக்குள்ள கைய வுடு நைனா, சூடா இருக்கும்" என்றார்.

வாத்தின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நமக்கு அது கடும் ஜுரம். வாலடிச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்வதால், மேலே தண்ணீர் உருண்டு ஓடினாலும் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் தூவியில் ஈரம் படாது. இதையெல்லாம் பள்ளிக்கூடங்களில் படம் போட்டுச் சொல்கிறவள் நான், ஆனால் ஒரு பிள்ளையின் கைக்குச் சூடேற்ற அது உதவும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த வாத்து இரண்டு தரம் கத்திவிட்டு, சட்டைப் பொத்தானைக் கொத்திப் பார்த்துவிட்டு, மடியிலேயே அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் விரலை மடக்கினான். "அம்மா, இதுக்கு நெஞ்சு எவ்ளோ வேகமா அடிக்குது" என்றான். அதுவரை வாயே திறக்காமல் இருந்தவன். நான் அழுதுவிட்டேன். பெரியவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு பீடி பற்றவைக்கப் பார்த்தார், அந்தக் காற்றில் எங்கே பற்றுவது.

மழை சற்று விட்டபோது கருவேல மரங்களின் மறைவைக் காட்டினார். ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகி வாத்துகளும் ஒதுங்கி, அத்தனையும் ஒரே பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. "காத்துக்கு மூஞ்சி குடுத்துக்கினு இருந்தாத்தான் இறகு படிஞ்சி கெடக்கும். முதுகு காட்டினா தூக்கிக்கும், குளுரு உள்ள பூந்துடும்" என்றார். பாவம், வடக்கே பனிக்குத் தப்பி மலை தாண்டி வந்த பறவைகள், நம் ஊரிலும் இந்தப் பாடு.

கிளம்பும்போது பணம் நீட்டினேன். "எனக்கா, வாத்துக்கா?" என்று கேட்டுச் சிரித்தார், வாங்கவில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் பிள்ளைகளை ஏரியைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்னால் அவரிடம் அரை மணி நேரம் உட்கார வைக்கப் போகிறேன், இது சத்தியம். ஆனால் மந்தை ஒரே இடத்தில் நிற்காது, இந்நேரம் ஆற்காடு பக்கமோ செய்யாறு பக்கமோ நகர்ந்திருக்கலாம். யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், கோணிப்பையையும் திருப்பித் தர வேண்டும். அவரைப் படம் எடுத்துப் போட வேண்டாம், எந்த ஊர் என்று என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.