தம்பி சொன்னான், நீ டான்ஸ் கிளாஸ் தேடுறியாம்

பாப்பாவுக்கு,

நீ மறுபடியும் பரதநாட்டியம் கத்துக்க கிளாஸ் தேடிட்டு இருக்கேன்னு தம்பி சொன்னான். எங்கிட்ட சொல்லல, பரவால்ல, அவன்கிட்டயாவது சொன்னியே. மூணு இடம் பாத்து வச்சிருக்கியாம், எதுல சேர்றதுன்னு முடிவு பண்ண முடியலையாம். ஃபோன்லயே சொல்லலாம்னு தான் நெனச்சேன், ஆனா இப்பல்லாம் நீ "ம்... சரிம்மா... வைக்கட்டுமா"ன்னு மட்டும் தான் பேசுற, அதான் எழுதுறேன். போன வாரம் வீடியோல உனக்குப் பின்னாடி இருந்த சுவரு வேற கலர்ல இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. நேரத்துக்குத் தூங்கு.

மொதல்ல தரையப் பாரு. கண்ணாடி, லைட்டு, வாசல்ல மாட்டியிருக்கற ஃபோட்டோ எல்லாம் அப்புறம். சிமெண்ட் தரை மேல ஒட்டின டைல்ஸ்ல மொத பாடமான தட்டடவ மூணு வேகத்துலயும் தட்டினா அந்த அடி எங்க போகும், குதிகால்லயும் முட்டியிலயும் தான் போய் உக்காரும். அடியில இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரைன்னா மிதிக்கும்போது லேசா வாங்கிக்கும். நீ செருப்பக் கழட்டிட்டு ஓங்கி நாலு தட்டு தட்டிப் பாரு, உன் காலே சொல்லிடும். உனக்கு இப்ப 7 வயசு இல்ல, 34. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உடம்ப சூடு பண்ண வைக்கிறாங்களான்னும் பாரு, வந்ததும் நேரா நமஸ்காரம் பண்ணி குதிச்சு மெட்டடவுக்குப் போற இடம்னா உனக்கு வேணாம்.

காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் முழுசா உக்காந்து பாக்கணும்னு கேளு. விடமாட்டேன்னா அடுத்த இடத்துக்குப் போ. உக்காந்தா டீச்சரோட கண்ணு எங்க இருக்குன்னு பாரு. கடைசி வரிசையில நிக்கறவ நாலாவது ஆவர்த்தத்துல, முட்டிய மடக்கிப் பாதி உக்காந்து நிக்கற அரமண்டில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எழும்பிட்டே வருவா, நீயும் அப்படித்தான் வருவ, எனக்கு இங்க ஜன்னல்ல இருந்தே தெரியும், அவள டீச்சர் பாக்குறாங்களா? "இன்னும் உக்காரு, இன்னும் உக்காரு"ன்னு சத்தம் போடறவங்க வேற, இடுப்புல இருந்து திறக்கணும், பாதம் பாக்கற திசையிலயே முட்டியும் போகணும்னு கிட்ட வந்து சொல்லித் தர்றவங்க வேற. ஃபோன்ல பாட்டப் போட்டுட்டு எண்ணிட்டு நிக்கற கிளாஸவிட, தட்டுக்கழி எடுத்து தட்டுமனையில தாளம் போட்டு "தெய்யா தெய்"னு சொல்லுக்கட்ட தன் வாயால சொல்றவங்க கிடைச்சா விடாத. நீ தடுமாறினா அவங்க நிறுத்துவாங்க, ஃபோன் நிறுத்தாது.

பெரியவங்களுக்குன்னு தனி பேட்ச் இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா "ஹாபி தானே"ன்னு அடவ ஒழுங்கா எடுக்காம ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு மட்டும் சொல்லிக் குடுத்து நிறுத்திடறவங்க இருக்காங்க. சேர்ந்த மொத மாசமே அரங்கேற்றம் எப்போன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டும் உனக்கு ஆகாது. வேலைய முடிச்சுட்டு ஓடி வர்றவளும் முழுசா கத்துக்கணும்னு தானே வர்றா. நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு தான்: இங்க மூணு நாலு வருஷமா வர்ற பெரியவங்க இப்ப என்ன ஆடறாங்க? ஆரம்பத்துல வர்ற அலாரிப்பு ஜதிஸ்வரத்தத் தாண்டி, பெரிய உருப்படியான வர்ணம் வரைக்கும் யாராவது வந்திருக்காங்களா? வந்திருந்தா அவங்களோட அஞ்சு நிமிஷம் பேசு. அப்புறம் போர்டுல பேரு போட்டிருக்கறவங்க தான் தினம் எடுக்கறாங்களா, இல்ல அவங்க சீனியர் பொண்ணு எடுக்குதான்னு கேளு, சீனியர் பொண்ணு எடுத்தா தப்பில்ல, ஆனா தெரிஞ்சு சேரு.

நீ கத்துக்கிட்டது பந்தநல்லூர் வழி. புது டீச்சர் வழுவூர் பாணியா இருந்தாலோ கலாக்ஷேத்ரா பாணியா இருந்தாலோ கையும் உடம்பும் வேற மாதிரி கேப்பாங்க, மறுபடியும் தட்டடவுல இருந்து வான்னு சொல்வாங்க. அத அவமானமா எடுத்துக்காத. ஆனா தரைய மட்டும் பாத்துக்க. சாயங்காலம் கிளாஸ்னா போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகற இடம் வேணாம், ரெண்டு மாசத்துல விட்டுடுவ. உனக்கு சாயங்காலம் தான் இப்ப கஷ்டம்னு எனக்குத் தெரியும். தனியா இருக்காத.

வயசாச்சுன்னு நெனைக்காத. ருக்மிணி தேவி பிறந்தது 1904ல, அவங்க மொதல்ல சதிர், அதான் பரதநாட்டியத்துக்கு அப்போ இருந்த பேரு, ஆடி மேடையேறினது 1935 டிசம்பர்ல, 31 வயசு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் மயிலாப்பூர் கௌரி அம்மாள்கிட்டயும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டயும் கத்துக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே கலாக்ஷேத்ராவ ஆரம்பிச்சுட்டாங்க. அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நீ யோசிப்ப. உன்ன நிறுத்தினதுக்கு அப்புறம் தான் படிச்சேன். நீ இல்லாதப்போ.

பாப்பா, இத நான் ஃபோன்ல சொல்லியிருக்க மாட்டேன். பத்தாவது ஆரம்பிச்சப்போ கிளாஸ நிறுத்தினோமே, அப்போ டீச்சர் "இவளுக்கு உடம்பு வளையல, அரமண்டி வராது, இனி வேணாம்"னு சொன்னாங்கன்னு உங்கிட்ட சொன்னேன்ல. அவங்க அப்படிச் சொல்லவே இல்ல. அவங்க நம்ம வீட்டுக்கே வந்தாங்க, நீ டியூஷன் போயிருந்த, அப்பா ஆபீஸ்ல இருந்தாரு. வாரத்துக்கு ஒரு நாளாவது அனுப்புங்க, வர்ணத்துல முக்தாயி ஸ்வரம் வரைக்கும் முடிச்சுட்டா, சரணம் மட்டும் தான் பாக்கி, இப்ப விட்டா அவ மனசு விட்டுப் போயிடும்னு சொன்னாங்க. நான் வாசல்லயே நின்னு பேசி அனுப்பிட்டேன். உள்ள வாங்கன்னு கூட சொல்லல. மார்க்குக்கு பயந்து பண்ணினேன். நான் வேணாம்னு சொன்னா நீ சண்டை போடுவ, டீச்சரே வேணாம்னு சொன்னதா சொன்னா அடங்கிடுவன்னு தெரிஞ்சு தான் அப்படிச் சொன்னேன். நீயும் அடங்கிட்ட. அழக்கூட இல்ல. அதுக்கு முன்னாடியெல்லாம் தூக்கத்துல கூட போர்வைக்குள்ள கால் லேசா தட்டும், வாய் "தெய்யா தெய்"னு முணுமுணுக்கும், அது அந்த வாரத்தோட நின்னு போச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி டீச்சர பஸ்ல பாத்தேன். "ஆடறாளா?"ன்னு தான் மொதல்ல கேட்டாங்க. அவளுக்கு இஷ்டம் இல்லாம போச்சுன்னு சொல்லிட்டேன். மறுபடியும் பொய். அவங்க ஒண்ணும் சொல்லாம என் கையப் பிடிச்சுட்டு இறங்கிப் போனாங்க.

19 வருஷமா உனக்கு வராதுன்னு நீ நம்பிட்டு இருக்க. வேற எத்தனையோ விஷயத்துலயும் யாராவது உன்ன வேணாம்னு சொன்னா உடனே சரின்னு ஒதுங்கிடற பாரு, அத இங்க தான் கத்துக்கிட்டியோன்னு எனக்கு இப்ப ராத்திரியெல்லாம் ஓடுது. நீ சொல்ல வேணாம். சொல்லணும்னு தோணினா எத்தனை மணின்னாலும் எடுப்பேன்.

புது இடத்துல ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்க. எனக்கு வரலன்னு சொல்லாத. எங்கம்மா நிறுத்திட்டாங்கன்னு சொல்லு.

உன் சலங்கை இங்க தான் இருக்கு, பச்சை டிரங்க் பெட்டியில, தம்பியோட சின்ன சட்டைங்களுக்கு அடியில. யாருக்கோ குடுத்துட்டேன்னு சொன்னதும் நெசம் இல்ல. நேத்து எடுத்துப் பாத்தேன், வலது கால்ல மூணு மணி விழுந்திருக்கு, தோல் விறைச்சு மடக்கற எடத்துல வெடிச்சுப் போச்சு, புதுத் தோல்ல தைக்கணும். கணுக்கால சுத்தி நூல் வச்சு அளந்து அனுப்பு, ரெண்டு காலும் தனித்தனியா அள. தரையப் பாக்க மறக்காத.

அம்மா