தோட்டச் செய்திகளில் தொடரும் பிழைகள்: சந்தாதாரர்களின் புகார்

அனுப்புநர்: சந்தாதாரர்கள், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.
பெறுநர்: தலைமையாசிரியர்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் எல்லாருக்கும் நடப்புக்கு வந்ததாக உங்கள் தளத்தில் எழுதியிருந்தீர்கள். அது தவறு. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு, நிபுணத்துவச் சேவைத் தொழில் நடத்துவோர் நீங்கலாக, ஆகஸ்டு 1 முதல்தான் அது கட்டாயமானது. வெட்டும் செம்பனைக் குலைக்கும் எடுக்கும் ரப்பர் பாலுக்கும் ஏற்பச் சம்பளம் வாங்குவோருக்கு இது பொருந்தாது என்றும் அதே செய்தியில் இருந்தது. பொருந்தும். அவர்களுக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக்கூடாது. தோட்டத்து ஆள் ஒருவர் உங்கள் செய்தியை நம்பினால், தனக்குரிய பணத்தைக் கேட்காமலே இருந்துவிடுவார்.

செம்பனை விலைச் செய்தி இதைவிட மோசம். கச்சா செம்பனை எண்ணெயின் டன் விலையைக் குலையின் டன் விலையாகத் தலைப்பில் போட்டுவிட்டார்கள். ஒரு டன் குலையைப் பிழிந்தால் ஏறக்குறைய 200 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஆகவே குலை விலை எண்ணெய் விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். செம்பனைக் கொட்டையின் பருப்புக்காகக் கொஞ்சம் ஏறும், ஆலைச் செலவுக்காகக் கொஞ்சம் இறங்கும். உள்ளே செய்தி சரியாகத்தான் இருந்தது. தலைப்புப் போட்டவர் அதைப் படிக்கவில்லை என்பது தெளிவு.

சுட்டிக்காட்டிய பிறகு எண்களை மட்டும் சத்தமில்லாமல் மாற்றினீர்கள். திருத்தக் குறிப்பு இல்லை, தேதி இல்லை. பழைய பக்கத்தின் படம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. எது சரி என்று பார்க்க வருபவருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு விளக்கமும் கிடையாது.

எழுதியவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றே நினைக்கிறோம். புதியவர் எழுதுவதை முதல் சில மாதங்களுக்கு நேரடியாக ஏற்றக்கூடாது. ஒவ்வொரு எண், தேதி, பெயர், அளவையின் கீழும் அவரே கோடிட்டு, எங்கிருந்து எடுத்தார் என்று பக்கத்தில் எழுத வேண்டும். சம்பளம் என்றால் அரசிதழில் வந்த ஆணையையே பார்க்க வேண்டும். இன்னொரு தளத்தின் செய்தி ஆதாரமாகாது. துணையாசிரியர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் மாற்றுகிறார் என்று சொல்லித் திருத்த வேண்டும். தாமே திருத்தி ஏற்றிவிட்டால் அடுத்த வாரமும் அதே பிழைதான் வரும். தலைப்பை மாற்றினால் எழுதியவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

பிழைப் பதிவேடு ஒன்றும் வேண்டும்: எழுதியவர் யார், பார்த்து அனுமதித்தவர் யார், பிழை அவசரத்தால் வந்ததா, மொழிபெயர்ப்பில் வந்ததா, அளவை குழம்பியதாலா. மாதம் ஒருமுறை அதை எல்லாரும் சேர்ந்து பாருங்கள். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் துறைச் செய்தியை அவரிடமிருந்து எடுத்து, மறுபடி பயிற்சி கொடுங்கள். அனுமதித்தவரும் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள் என்பதை வைத்தே எழுத்தாளரை எடைபோடும் வரை இது எதுவும் நிலைக்காது.

உடனடியாக எங்களுக்கு வேண்டியவை: இரண்டு செய்திகளின் மேலும் தேதியிட்ட திருத்தக் குறிப்பு, ‘நமது நிருபர்’ என்பதற்குப் பதில் எழுதியவரின் பெயர், இந்தக் கடிதத்துக்கு 14 நாளில் எழுத்துப்பூர்வமான பதில். வராவிட்டால் பழைய பக்கங்களின் படங்களோடு மலேசிய ஊடக மன்றத்துக்கு எழுதுவோம். சந்தாவையும் புதுப்பிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரச் சந்தாதாரர்கள்