கெய்ட்டர் வாங்கும் முன்

அன்புள்ள கண்ணு,

டாஸ்மேனியாவில் ஓவர்லேண்ட் என்ற மலைப்பாதையில் நடக்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரி வரை 65 கிலோமீட்டர். ஷூவுக்கு ஒரு மாதம் யோசித்தவள், ஷூவுக்கு மேல் காலைச் சுற்றிப் போடும் உறையான கெய்ட்டரை மட்டும் "ஏதோ ஒன்று வாங்கிக்கிறேன்பா" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வால்பாறைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் நானும் உன் அம்மாவும் அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவோம். ஒரு மழைக்கே கரைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் அம்மா முழங்கால் வரை உறை தைத்துக் கொடுத்த பிறகுதான் ரத்தம் வழியாமல் வீடு திரும்பினேன்.

டாஸ்மேனியாவில் அட்டையோடு சேறும், ஸ்கோபாரியா என்ற முள் இலைச் செடியும் உண்டு. லேசான நைலான் கிழிந்துவிடும். கெட்டி கேன்வாஸ் வாங்கு. நனைந்தால் கனக்கும், காயவும் நேரமாகும், பரவாயில்லை. கடையில் முதலில் பாதத்துக்கு அடியில் போகும் பட்டையைப் பார். கல்லில் உரசி முதலில் அறுவது அதுதான். தனியாக மாற்ற முடிகிறதா என்று கேள். பேண்டுக்கு மேல் போட்டுக் குந்தி உட்கார்ந்து பார். மேலே இறுக்கினால் கெண்டைக்கால் மரத்துப்போகும், தளர்த்தினால் நழுவும்.

போடும்போது பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் மற்றக் காலில் மாட்டி விழுவாய். முன் கொக்கியை ஷூலேஸில் மாட்டு. கொட்டும் மழையில் மழைப் பேண்டை கெய்ட்டருக்கு மேலே விடு. உள்ளே செருகினால் தண்ணீர் நேராக ஷூவுக்குள் இறங்கும். வெல்க்ரோவில் சேறு அடைத்தால் ஒட்டாது, பழைய டூத்பிரஷ் ஒன்று எடுத்துக்கொள்.

அங்கே டைகர் பாம்பு என்ற விஷப் பாம்பு உண்டு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. கேன்வாஸ் ஓரளவு தடுக்கலாம், ஆனால் அதை நம்பிப் புதருக்குள் காலை விடாதே. அழுத்திக் கட்டும் எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு, கைக்கு எட்டும் பையில் வை. கடித்தால் நடக்கக் கூடாது, அசையாமல் கட்டி உதவி கேட்க வேண்டும்.

புதிதாக வாங்கியதை அப்படியே கொண்டுபோகாதே. ஹோபார்ட்டில் வெலிங்டன் மலை பக்கத்தில்தானே இருக்கிறது? ஒரு முழு நாள் அங்கே போட்டு நட. எங்கே உரசுகிறது என்று அன்று ராத்திரியே எனக்குச் சொல்.

அப்பா