மடிக்கணினி சூடாக இன்னொரு காரணமும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

மடிக்கணினி சூடாவது பற்றி உங்கள் கணினிப் பகுதியில் வந்த கட்டுரையை வாசித்தேன். தூசு தட்டுங்கள், நினைவகத்தைக் கூட்டுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் புதிது வாங்குங்கள் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். கொழும்பில் இன்று விற்கும் விலைக்குக் கடைசி யோசனை எங்களைப் போன்றவர்களுக்குச் சரிவராது. அதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை அவர் விட்டுவிட்டார்: கண்ணில் படாத இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அசையும் படங்கள்.

நான் வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். குறிப்புகளையெல்லாம் ஒரே நீண்ட கோப்பாக, படங்களையும் உள்ளேயே காட்டும் எழுத்துத் தொகுப்பி மென்பொருள் ஒன்றில் எழுதி வைப்பது வழக்கம். இதயம் சுருங்கி விரிவது, இழையுருப்பிரிவில் நிறமூர்த்தங்கள் விலகிப் போவது போன்றவற்றுக்கு இடையிடையே அசையும் ஜிஃப் படங்கள் போட்டிருக்கிறேன். அவை கோப்பின் முற்பகுதியில் இருக்கின்றன. நான் தட்டிக்கொண்டிருப்பதோ பல பக்கம் கீழே, பிறப்புரிமையியலில். திரையில் அசைகிற எதுவும் இல்லை. ஆனாலும் விசிறி இரைகிறது, தட்டிய எழுத்து சற்றுப் பிந்தித்தான் விழுகிறது. திருத்தும் கடையொன்றில் காட்டியபோது "போர்ட் மாத்த வேணும்" என்றார்கள், அதாவது கணினியின் தாய்ப்பலகையை. எந்த மென்பொருள் கணினியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பணி மேலாளரை (Task Manager) திறந்து வைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். கடைசிப் படம் நின்றதும் மையச் செயலியின் (CPU) சுமை இறங்கியது, கொஞ்ச நேரத்தில் இரைச்சலும் அடங்கியது. போர்ட் அப்படியேதான் இருக்கிறது.

ஜிஃப் படம் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் தனிப்படங்களின் வரிசை. அதில் ஒவ்வொரு தனிப்படமும், அதாவது சட்டகமும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது செக்கனில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். நேரம் வந்ததும் தொகுப்பி அடுத்த சட்டகத்தை விரித்தெடுக்கிறது. அந்த இடம் இப்போது கண்ணில் படுகிறதா என்று பார்ப்பதில்லை. 600க்கு 400 புள்ளி கொண்ட சட்டகம் ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம், நினைவகத்தில் 960,000 பைட் பிடிக்கும். 50 சட்டகம் என்றால் 48 மெகாபைட். வட்டில் அதே படம் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருண்டு கிடக்கலாம். அப்புறம், பல ஜிஃப்களில் ஒரு சட்டகத்துக்குள் முந்தியதிலிருந்து மாறிய பகுதி மட்டுந்தான் இருக்கும். விரித்தவற்றைச் சேமித்து வைக்காத மென்பொருள் 40ஆவது சட்டகத்தைக் காட்ட, முந்தியவற்றையெல்லாம் மறுபடி அடுக்கிக்கொண்டு வர வேண்டும். இவ்வளவும் யாரும் பார்க்காத ஒரு படத்துக்காக!

படம் பார்வையை விட்டுப் போனதும் தொகுப்பி அதன் நேரக்கணிப்பை நிறுத்தினால் போதும். ஆனால் படத்தின் உயரத்தை மறக்கக் கூடாது, மறந்தால் வரிகள் மேலும் கீழும் குதிக்கும். ஒரே கோப்பை இரண்டு சாளரத்தில் திறந்து வைப்பவர்களும் உண்டு. ஒன்றில் மறைந்த படம் மற்றதில் தெரியலாம், அப்போது நிறுத்துவது பிழை. திரும்பி வரும்போது விட்ட சட்டகத்திலிருந்து தொடரலாம், அல்லது கடந்த நேரத்தைக் கணக்கிட்டு உரிய சட்டகத்துக்குத் தாவலாம். பாடக் குறிப்புக்கு முதலாவது வழியே எனக்குப் பிடித்தது.

இது ஒன்றும் புது ஞானமல்ல. பின்னால் மறைந்திருக்கும் தாவல்களில் (tabs) அசைவை நிறுத்தி வைப்பதை இணைய உலாவிகள் எப்போதோ பழகிவிட்டன. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தின் பக்கத்தில் 5 செக்கனுக்கு மேல் அசைவதை வாசகர் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் அணுகல் வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது. கட்டற்ற மென்பொருளில் கைவைக்கும் நம் பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், இதை எடுக்கலாம்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, பணி மேலாளரில் எந்த மென்பொருள் வேலை வாங்குகிறது என்று பார்ப்பது எப்படி என்பதைப் படத்தோடு போடட்டும். அசையாத படமே போதும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.